பக்கத்துக் கட்டில்

புகார் சொல்ல வாய் தேவையில்லை என்று ஆகி நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

விளையாட்டு விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்திருந்தார்கள். அது நாடித்துடிப்பையும் வியர்வையையும் தூக்கத்தையும் கவனித்தபடியே இருக்கும். ஒரு பிள்ளையை யாராவது மிரட்டினால், அடித்தால், ஒதுக்கி வைத்தால், அவள் உடம்பு மாறும். உடம்பு மாறினால் பட்டையில் உள்ள சிறு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும். மோசமானால் சிவப்பு. அலுவலகத் திரையிலும் அதே நிறம் தெரியும்.

யோசனை நல்ல யோசனைதான். வாயைத் திறக்கப் பயப்படும் பிள்ளைக்காக உடம்பே பேசிவிடும். பேருந்தில் நிறுத்தம் வந்தபிறகும் "இறங்கணும்" என்று நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்கிறவள் நான். எனக்கு அது பிடிக்காமல் இருக்குமா? இயற்பியல் முடித்ததும் அந்தப் பட்டையைத் தயாரிக்கும் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். கரிசல் காட்டில், ஹாக்கிக்குப் பேர்போன ஓர் ஊரில் இருந்த மாணவியர் விடுதிக்கு என்னை அனுப்பினார்கள். பட்டைகளைப் பராமரிப்பதும் திரையைப் பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

விடுதியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகள். வார்டன் எஸ்தர் டீச்சர், முன்பெல்லாம் சாயங்காலம் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். பட்டை வந்தபிறகு அந்த நடை நின்றுவிட்டது. திரை பச்சையாக இருந்தால் விடுதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியிருந்த வாரம். மாலைப் பயிற்சி முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு ஜெபக்கனி அலுவலகத்துக்கு வந்தாள். ஒல்லியான பிள்ளை. பந்து பட்டு முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும். காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உலகம்மாள ராத்திரி தூங்க விட மாட்டேங்காங்க டீச்சர்."

எஸ்தர் டீச்சர் நிமிர்ந்தார். "யாரு?"

"தங்கபுஷ்பம் அக்கா."

தட்டச்சு செய்துகொண்டிருந்த என் விரல்கள் நின்றன. தங்கபுஷ்பம் பன்னிரண்டாம் வகுப்பு. விடுதி அணியின் கேப்டன். அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு முகாமுக்குப் போகவிருந்தவள். உலகம்மாள், ஜெபக்கனியோடு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த கோல்கீப்பர்.

"தூங்க விடாம என்ன செய்யுதா?"

"தைலம் தேய்க்கச் சொல்லுவாங்க, துணி துவைக்கச் சொல்லுவாங்க. அது எல்லாப் புதுசும் செய்யதுதான், விடுங்க. உலகுவ மட்டும் வராந்தாவுல கோல் நிக்க வைக்காங்க டீச்சர். பேடு கெடையாது. பந்த அடிப்பாங்க. பட்டா சத்தம் போடக்கூடாது. சத்தம் போட்டா மறுபடி மொதல்லருந்து."

"அவ கீப்பர்ட்டி. கீப்பருக்குக் காயம் இருக்கத்தான் செய்யும்."

"முழங்காலுக்குப் பின்னால எப்படி டீச்சர் இருக்கும்? கீப்பர் பந்தப் பாத்துல்லா நிப்பா."

எஸ்தர் டீச்சர் உலகம்மாளின் பதிவைத் திறக்கும்படி எனக்குக் கைகாட்டினார். திறந்தேன். ஜூன் மாதத்திலிருந்து கோடு ஒரே பச்சையாக ஓடியது. டீச்சர் திரையை ஜெபக்கனி பக்கம் திருப்பினார்.

"பாத்தியா? ஒரு செவப்பு உண்டா? பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ரெண்டு மூணு மஞ்சள். அதுவும் அவங்க வீட்டுல. இங்க ஒண்ணுமில்ல."

"பட்டை தெரியாமச் சொல்லுது டீச்சர்."

"மிஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

"நான் பக்கத்துக் கட்டில்ல படுக்கேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

எஸ்தர் டீச்சர் கொடுமைக்காரர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு. தேர்வு சமயத்துல ஒருத்தி எடத்தக் கெடுக்க இன்னொருத்தி கதை கட்டுனதெல்லாம் நான் பாத்திருக்கேன். அதனாலதான் இப்படி ஒரு சட்டமே வந்துது. பட்டை பச்ச காட்டும்போது நீ புகார் குடுத்தா, அது பொய்ப் புகார். வெள்ளிக்கிழம விசாரண வைப்பாங்க. பொய்யின்னு முடிவாச்சுன்னா சீட்டு போயிரும். ஊருக்கு அனுப்பிருவாங்க. ஒன் அம்மா உப்பளத்துல நிக்காங்க, மறந்துட்டியா? நீ சொன்னத நான் காதுல வாங்கல. போ, போய் டீயக் குடி."

ஜெபக்கனி நகரவில்லை.

"வாங்கிக்கோங்க டீச்சர்," என்றாள்.

விடுதி இல்லையென்றால் அவளுக்கு ஹாக்கி இல்லை. அநேகமாகப் பள்ளிக்கூடமும் இல்லை. அது அவளுக்குத் தெரியும் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பட்டை மட்டும் பச்சையாக இருந்தது. அப்போது அதை நான் பார்த்தேன். பார்த்தது மூளைக்குள் போக மறுநாள் மாலை ஆயிற்று.

டீச்சர் புகாரைப் பதிவு செய்தது இரவுக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை மெஸ்ஸில் வரிசை. நான் கடைசி மேசையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜெபக்கனி தட்டோடு வந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு மேசையிலிருந்து குரல் எழுந்தது.

"ஏட்டி, ரேடியோ வருது, வழி விடுங்க."

"நியூஸ் முடிஞ்சிட்டா, இன்னும் இருக்கா?"

"போட்டுக்குடுத்தவளுக்கு ரெண்டு இட்லி சேத்து வைங்கட்டி. ஊருக்குப் போற வழியில பசிக்கும்லா."

மெஸ் முழுக்கச் சிரித்தது. ஜெபக்கனி தட்டை நீட்டினாள்.

"நாலா வைங்கக்கா. உலகுவும் ராத்திரி சாப்பிடல."

சிரிப்பு பாதியில் அறுந்தது. தங்கபுஷ்பம் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, கதவைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபக்கனி போய் உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகம்மாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். ஜெபக்கனியும் நகர்ந்தாள்.

"எதுக்குட்டி சொன்ன?" உலகம்மாளின் குரல் எனக்குக் கேட்டது. "எனக்கு ஒண்ணுமில்லன்னு பட்டையே சொல்லுது. நீ யாரு நடுவுல?"

ஜெபக்கனி தன் தட்டிலிருந்து இரண்டு இட்லியை அவள் தட்டுக்கு மாற்றினாள். அவ்வளவுதான். கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தவளுக்கு, யாருக்காகப் பேசினாளோ அவளுடைய கோபத்துக்குப் பதில் இல்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. என்னால் அது முடிந்திருக்காது.

அன்று மதியம் பொங்கல் விடுமுறையின் எச்சரிக்கைகளைத் திரும்பத் திறந்தேன். விடுமுறையில் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து நிறைய மஞ்சள் வரும். அவற்றுக்கு எதிரே 'ஊர் மாற்றம்' என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூடிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் வழக்கம். யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

உலகம்மாளின் மஞ்சளுக்குள் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருந்தது. நாடித்துடிப்பு மெதுவாக, சீராக இருந்தது. மணிக்கட்டு உலர்ந்திருந்தது. கை அசையவே இல்லை.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தன் வீட்டில், பகலில், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துப் பட்டை பதறியிருந்தது.

ஒன்பதாம் வகுப்பின் மற்றப் பிள்ளைகளுடையதையும் பார்த்தேன். ஒருத்தி தூங்கும்போது. ஒருத்தி வெகுநேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது. எல்லா மஞ்சளும் வீட்டில்தான்.

மாலையில் மைதானத்தின் ஓரத்தில், குழாயடியில் ஜெபக்கனி தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். என்ன பேசி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"என்னக்கா, கை அழுக்கே இல்ல," என்றாள்.

"ஜெபக்கனி, நீங்க சேர்ந்த முதல் வாரம் என்ன நடந்தது?"

"மட்டை வாரமாக்கா?"

"அப்படீன்னா?"

"புதுசா வாரவங்க சீனியர் அக்காங்க மட்டையத் தூக்கிட்டே அலையணும். மெஸ்ஸுக்கு, குளிக்க, எங்க போனாலும். கீழ படக்கூடாது. பட்டா மைதானத்தச் சுத்தணும். ராத்திரி எப்ப வேணும்னாலும் 'மட்டை'ன்னு சத்தம் போடுவாங்க. உடனே ஓடணும், ஷூவோட ஓடணும். அதனால ஷூவ மாட்டிட்டேதான் படுப்போம்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும். சிரிப்பாங்க. ஒரு வாரம்தான, பழகிரும்பாங்க. நெசமாத்தான்க்கா, முடிஞ்சிரும். எனக்கெல்லாம் முடிஞ்சிட்டு. உலகு பயந்த புள்ள, ஒரு நாள் அழுதுட்டா. அதப் பாத்தவங்க விடல."

"பட்டைக்கு எப்போ அளவு எடுத்தாங்க?"

"அந்த வாரந்தான். ஷூ அளவு, ஜெர்ஸி அளவு, பட்டை அளவு, எல்லாம் மொத வாரத்துலயே எடுத்துருவாங்க."

கையைத் துடைக்காமலேயே அலுவலகத்துக்கு ஓடினேன்.

எங்கள் நிறுவனத்தின் மண்டல அதிகாரி சிவசைலம் சார். அவரோடு தொலைபேசியில் பேசுவதென்றால் நான் முதலில் எழுதி வைத்துப் படிப்பேன். அன்று எழுதவில்லை.

"சார், பட்டை பயத்தைக் கண்டுபிடிக்கிறதில்லை இல்லையா?"

"என்னம்மா திடீர்னு? அது மாற்றத்தைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இயல்பு நிலைன்னு ஒண்ணு இருக்கு. அதிலேருந்து விலகினா எச்சரிக்கும். உனக்குத் தெரிஞ்சதுதானே."

"அந்த இயல்பை எப்போ அளக்கிறோம்?"

"சேர்ந்த முதல் வாரம்."

"அந்த முதல் வாரம் முழுக்க அவங்க பயந்துக்கிட்டு இருந்தா?"

மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"அப்போ பயம்தான் அவங்களுக்கு இயல்புன்னு பதிவாகும்," என்றார் மெதுவாக.

"ஆமா சார். அதுக்கு மேல ஏற இடமே இல்லை. அடிச்சாலும் பச்சை. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினா மஞ்சள். நாம அதை 'ஊர் மாற்றம்'னு மூடிட்டு இருக்கோம்."

"அளவு எடுக்கிற தேதியை முடிவு பண்றது விடுதிம்மா. அது நம்ம தவறில்லை."

"எல்லா விடுதியிலயும் முதல் வாரம்தானே சார்?"

அவர் குரல் அலுவலகக் குரலானது. "ஜூன்ல எல்லாத்தையும் மாத்தச் சொல்லி நான் மேல பேசறேன். வெள்ளிக்கிழமை நீ பதிவைப் படி. என்ன நிறம்னு கேட்டா நிறத்தைச் சொல்லு. விளக்கம் யாரும் கேக்கலேன்னா விளக்கம் சொல்லாதே. புரியுதா?"

"ஜூனுக்குள்ள அந்தப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிடுவாங்க சார்."

"அதுக்குத்தான் வருத்தமா இருக்கு," என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். வைத்துவிட்டார்.

விசாரணைக்கு முன்தினம் ஜெபக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மட்டையின் பிடியில் பிரிந்திருந்த துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இது தப்பான பட்டை. அப்படித்தானக்கா?"

"ஆமா. நாளைக்கு நான் சொல்லப் போறேன். நீ பயப்படாதே."

"பொறவு நல்ல பட்டை கொண்டாருவாங்களா?"

"அளவைச் சரியா எடுத்தா இதுவே நல்லாச் சொல்லும்."

"அதுல செவப்பு வந்தாத்தான் உலகுவ நம்புவாங்களா?"

நான் அவள் மணிக்கட்டில் எரிந்த பச்சையைப் பார்த்தேன்.

"நான் சொல்லுததுக்கு இந்தப் பட்டை சாட்சி வேண்டாம்க்கா, அந்தப் பட்டை சாட்சியும் வேண்டாம். நான் பாத்தேன், சொல்லுதேன். அத ஒருக்க முழுசாக் கேட்டா என்ன?" துணியைப் பல்லால் கடித்து முடிச்சிட்டாள். "நீங்களும் சொல்லுங்க. வேண்டாங்கல. ஆனா நான் சொல்லி முடிச்சப்புறம் சொல்லுங்க."

பதினான்கு வயதுப் பிள்ளை அவள். சீட்டு போய்விடும் என்ற பயத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பிக்க நான் நீட்டிய கையை உடனே பற்றிக்கொள்ளாமல், அதற்கு முன் தன் வரிசையைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை படிப்பறையில் மேசைகளை ஒதுக்கி விசாரணை நடந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து மங்கையர்க்கரசி மேடம் வந்திருந்தார். ஒரு காலத்தில் அவரும் தடகள வீராங்கனையாம்; நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஒருபுறம் எஸ்தர் டீச்சர், சுவரில் இருந்த திரையில் சிவசைலம் சார். எதிரே தங்கபுஷ்பம், உலகம்மாள், ஜெபக்கனி மூவரும் நின்றார்கள்.

"புகார் குடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

ஜெபக்கனி சொன்னாள். முதல் நாள் சொன்னதையே, கூட்டாமல் குறைக்காமல். நடுவில் குரல் உடைந்தது. எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தாள். வராந்தா, பந்து, சத்தம் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. தங்கபுஷ்பம் பக்கத்தில்தான் நின்றாள். ஜெபக்கனி அவளைப் பார்த்தபடியேதான் சொன்னாள். "நீங்க செஞ்சீங்கக்கா" என்று 'அக்கா' போட்டே சொன்னாள்.

மேடம் என்னைக் கேட்டார். "பதிவு என்ன சொல்லுது?"

"பச்சை மேடம். ஜூன்லேருந்து."

எஸ்தர் டீச்சர் பெருமூச்சு விட்டார். மேடம் எதையோ எழுதப் போனார். திரையில் சிவசைலம் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"மேடம், விளக்கம் சொல்லணும்," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

சொன்னேன். முதல் வாரம், மட்டை, ஷூ, அளவு, பொங்கலுக்கு வந்த மஞ்சள். திக்கித்திக்கித்தான் சொன்னேன். மட்டை வாரம் என்ற பெயர் வந்தபோது எஸ்தர் டீச்சர் தலையை நிமிர்த்தினார். பிறகு குனிந்துகொண்டார்.

"சார், இவங்க சொல்றது சரியா?" என்று மேடம் திரையைக் கேட்டார்.

சிவசைலம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான் மேடம். ஆனா ஒண்ணு. பட்டை சொல்றதை நம்ப முடியாதுன்னுதான் இதுக்கு அர்த்தம். அந்தப் பொண்ணு சொல்றது உண்மைன்னு இதிலேருந்து வராது."

அவர் சொன்னது நியாயம். அது எனக்கும் தெரியும். என் விளக்கம் ஜெபக்கனியைப் பொய்க்காரி ஆகாமல் காப்பாற்றும். உலகம்மாளை வராந்தாவிலிருந்து கூட்டி வராது.

மேடம் பேனாவை வைத்துவிட்டு உலகம்மாளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நல்லாருக்கியா?"

உலகம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பச்சைதான் மேடம்."

"நான் பட்டையக் கேக்கல. ஒன்னக் கேக்கேன்."

அவள் மறுபடியும் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். ஏமாற்றுகிற முகம் இல்லை அது. கேள்வி புரியாத முகம்.

"மேடம்," என்றாள் ஜெபக்கனி. "நல்லாருக்கியான்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஷூ போட்டுட்டுப் படுக்கியான்னு கேளுங்க."

மேடம் கேட்டார்.

"ஆமா மேடம்."

"இப்பவுமா? ஜனவரியிலயுமா? எதுக்கு?"

"எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதுல்லா மேடம்." எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்.

மேடம் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "கேப்டன், நீ வாயத் தொறக்கவே இல்லையே. ஷூவோட யாராவது படுப்பாங்களா? நீ என்ன சொல்லுத?"

தங்கபுஷ்பத்துக்குப் பதில் சுலபம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாநில முகாம் அடுத்த மாதம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"படுப்பாங்க மேடம்," என்றாள்.

"யாரு?"

"நான் படுப்பேன்."

எஸ்தர் டீச்சர் எழுந்தேவிட்டார். "நீயா?"

"ஒன்பதாவதுலருந்து டீச்சர்."

"ஒன்ன இப்ப யாருட்டி கூப்பிடப் போறா? நீதான இங்க பெரியவ?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. தெரியும். கழட்டிட்டுப் படுத்தா ஒறக்கம் வரல." அவள் என்னைப் பார்த்தாள். "நான் சேந்த வருஷந்தான் பட்டை வந்துது. எனக்கும் அந்த வாரந்தான் அளவு எடுத்தாங்க. நாலு வருஷமாப் பச்சதான்."

எஸ்தர் டீச்சர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெபக்கனி சொன்னது எல்லாம் நெசம் மேடம். வராந்தாவுல நிக்க வச்சது நெசம். திருப்பி நிக்க வச்சதும் நாந்தான்."

"ஏன் திருப்பி?"

"முன்னால பாத்து நின்னா மொகம் தெரியும்."

உலகம்மாள் அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். பிறகு, சத்தம் போடலாம் என்று ஞாபகம் வந்ததுபோல், வாய்விட்டு அழுதாள். மேடம் தடுக்கவில்லை.

ஜெபக்கனி தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். "ஒங்களயும் இப்படித்தான் செஞ்சாங்களாக்கா?"

"ம்."

"அதுக்கு உலகுவ செய்யலாமா?"

"செய்யக்கூடாது."

"செய்யக்கூடாதுல்லா," என்றாள் ஜெபக்கனி. அதில் வெற்றி இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு கணக்கின் விடையைச் சரிபார்த்ததுபோல் தலையாட்டினாள். பிறகு உலகம்மாளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். உலகம்மாள் இம்முறை நகரவில்லை.

ஜெபக்கனியின் சீட்டு அவளுக்கே. தங்கபுஷ்பத்தின் கேப்டன் பதவி போயிற்று. அந்த ஆண்டு முகாமும் போயிற்று. விடுதியில் தங்கிப் பரீட்சை எழுதலாம். ஆனால் அறை மாற வேண்டும், உலகம்மாளிடம் நெருங்கக் கூடாது என்று மேடம் எழுதினார். மட்டை வாரம் இனிக் கிடையாது. எல்லாப் பட்டைகளையும் அன்றைக்கே கழற்றச் சொன்னார். எப்போது அளவெடுத்து மாட்டுவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். கழற்றியவற்றை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு என் அறைக்குக் கொண்டு வந்தேன். எல்லா விளக்குகளும் பச்சையாகத்தான் எரிந்தன.

சிவசைலம் சார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சில நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மற்ற விடுதிகளில் முதல் வாரம் என்ன நடக்கிறது என்று விசாரித்து அனுப்பச் சொல்லியிருந்தார். என்னால் தொலைபேசியில் அத்தனை பேரிடம் பேச முடியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விசாரணை நடந்த அன்று சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் எஸ்தர் டீச்சர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது. பழக்கத்தில் இரண்டு முறை அதைப் பார்த்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஜெபக்கனி தண்ணீர் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"ஏட்டி, நில்லு," என்றார் டீச்சர். தயங்கினார். "ரூம் ரூமாப் போகலாம்னு பாக்கேன். போய் என்னன்னு கேக்க? யாராவது அடிக்காங்களான்னா? கேட்டா சொல்லுவாங்களா?"

ஜெபக்கனி யோசித்தாள். "சாப்டியான்னு கேளுங்க டீச்சர்."

"எல்லாரும் இப்பத்தான மெஸ்ஸுல சாப்பிட்டாங்க?"

"அதான் டீச்சர். சாப்ட்டேன்னா அடுத்த ஆளுட்டப் போங்க. இல்லன்னு சொன்னா ஏன்னு கேக்கலாம்லா."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். உள்ளே உலகம்மாள் எதற்கோ சண்டை போடும் சத்தம் கேட்டது. என் குடத்தை ஏன் எடுத்தாய் என்று இருக்கலாம். ஜெபக்கனி திருப்பிக் கத்தினாள்.

எஸ்தர் டீச்சர் முதல் அறையில் நுழைந்தார். அங்கே தங்கபுஷ்பம் அறை மாறுவதற்காகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போயிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் விறைப்பாக எழுந்து நின்றாள்.

டீச்சருக்கு அது நான்கு ஆண்டாகப் பழக்கம் விட்டுப்போன வேலை. சேலைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"சாப்டியாட்டி?"

"சாப்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

எஸ்தர் டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.